எம்.ஜி.பி. மகிழுந்து எஞ்சினில் அமுக்க விகிதத்தை உயர்த்துதல்: கணக்கும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

பழைய ஸ்போர்ட்ஸ் வகை மகிழுந்துகளின் ஆற்றலைக் கூட்ட விரும்புவோர் முதலில் நாடும் வழிகளுள் ஒன்று, சிலிண்டர் ஹெட்டைச் சீவி அமுக்க விகிதத்தை உயர்த்துவதாகும். செலவு குறைந்த வழி என்பதால் இது பலராலும் பின்பற்றப்படுகிறது. எனினும் இதனால் கிடைக்கும் பயன் எவ்வளவு, அதற்குரிய எல்லை எது என்பன கணக்கிட்டு அறியப்படாமலே பணி தொடங்கப்படுவதும் உண்டு. பிரித்தானிய எம்.ஜி.பி. மகிழுந்தின் 1798 கன செ.மீ. எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அமுக்க விகிதத்தின் பொருள், அதனை அளக்கும் முறை, உயர்த்தும் வழிகள், நாக்கிங் என்னும் தட்டொலி வகுக்கும் எல்லை, கேம் ஷாஃப்ட்டோடு அதற்குள்ள உறவு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. அமுக்க விகித உயர்வு தனியே தரும் ஆற்றல் சிறிது என்பதும், அளந்தறியாமல் சீவப்படும் ஹெட் மீட்க முடியாத இழப்பு என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: அமுக்க விகிதம், எரி அறை, இடைவெளிக் கொள்ளளவு, நாக்கிங், ஆக்டேன் எண், சிலிண்டர் ஹெட், எம்.ஜி.பி., பி வரிசை எஞ்சின்

முன்னுரை

எஞ்சின் பற்றிய நூல்கள் அமுக்க விகிதத்தை ஒற்றை வரியில் வரையறுத்துவிட்டு அப்பால் செல்கின்றன. பட்டறையில் பணிபுரிவோரோ அவ்விகிதத்தைக் கணக்காக அன்றி, "எத்தனை மில்லிமீட்டர் சீவலாம்" என்னும் கேள்வியாகவே எதிர்கொள்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு 'அமுக்க விகிதம்' என்பது சிலிண்டரின் முழுக் கொள்ளளவுக்கும், பிஸ்டன் மேல் எல்லையை அடைந்தபின் எஞ்சும் கொள்ளளவுக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கும். பிஸ்டன் கீழ் எல்லையிலிருந்து மேல் எல்லை வரை கடக்கும் பகுதி 'வீச்சுக் கொள்ளளவு' எனவும், மேலே எஞ்சும் பகுதி 'இடைவெளிக் கொள்ளளவு' எனவும் குறிக்கப்படுகின்றன. பிஸ்டன், வால்வு, கேஸ்கட் முதலிய உறுப்புப் பெயர்கள் பட்டறை வழக்கில் உள்ளவாறே எடுத்தாளப்பட்டுள்ளன.

எம்.ஜி.பி.யும் பி வரிசை எஞ்சினும்

எம்.ஜி.பி. மகிழுந்து 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் உருவாக்கப்பட்டது. அதன் எல்லா வகைகளையும் சேர்த்து ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் பொருத்தப்பட்டது, பி.எம்.சி. நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்த நான்கு சிலிண்டர் எஞ்சினாகும். சிலிண்டர் விட்டம் 80.26 மி.மீ.; வீச்சு நீளம் 88.9 மி.மீ.; மொத்தக் கொள்ளளவு 1798 கன செ.மீ. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பால் ஆனவை. தொடக்கத்தில் கிராங்க் ஷாஃப்ட் மூன்று முதன்மைத் தாங்கிகளின்மேல் சுழன்றது. 1964ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவை ஐந்தாக உயர்த்தப்பட்டன.

இவ்வெஞ்சினின் இயல்பான அமுக்க விகிதம் 8.8. தரம் குறைந்த பெட்ரோல் கிடைக்கும் நாடுகளுக்காக 8.0 விகிதத்திலும் அது வழங்கப்பட்டது. தொடக்க காலத்தில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களோடு 95 குதிரைத்திறன் தருவதாக அறிவிக்கப்பட்ட இவ்வெஞ்சின், 1975ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்க வண்டிகளில் 8.0 விகிதமும் ஒற்றை ஜெனித்-ஸ்ட்ரோம்பெர்க் கார்புரேட்டரும் கொண்டு 62.5 குதிரைத்திறனாகச் சுருங்கியது.

இவ்வெஞ்சின் குடும்பம் தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்கும் அறிமுகமானதே. இந்தியச் சாலைகளில் பல்லாண்டுகள் ஓடிய அம்பாசடர் மகிழுந்தின் 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினும் பி வரிசையைச் சேர்ந்தது. அதன் சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ. மட்டுமே, வீச்சு நீளமோ அதே 88.9 மி.மீ. ஆகவே அம்பாசடர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தவருக்கு எம்.ஜி.பி.யின் ஹெட் புதியதாகத் தோன்றாது.

அமுக்க விகிதக் கணக்கு

எம்.ஜி.பி.யின் ஒரு சிலிண்டருக்குரிய வீச்சுக் கொள்ளளவு ஏறத்தாழ 450 கன செ.மீ. ஆகும். இதனை இடைவெளிக் கொள்ளளவால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் அமுக்க விகிதம் கிடைக்கும். விகிதம் 8.8 ஆக இருக்க வேண்டுமெனில் இடைவெளிக் கொள்ளளவு 57.7 கன செ.மீ. இருத்தல் வேண்டும். அதுவே 9.5 ஆக உயர வேண்டுமெனில் 52.9 கன செ.மீ. ஆகக் குறைய வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 4.8 கன செ.மீ.; அஃதாவது ஒரு தேக்கரண்டி அளவு. அமுக்க விகிதம் பற்றிய முடிவுகள் அனைத்தும் இத்தேக்கரண்டி அளவுக்குள் அடங்கிவிடுகின்றன என்பது கருதத்தக்கது.

இடைவெளிக் கொள்ளளவு ஓரிடத்தில் மட்டும் அமைவதன்று. அது நான்கு பகுதிகளின் கூட்டுத்தொகையாகும்: ஹெட்டில் குடையப்பட்டுள்ள எரி அறை, இறுக்கப்பட்ட கேஸ்கட்டின் தடிமனால் உண்டாகும் இடம், மேல் எல்லையில் பிஸ்டன் விளிம்புக்கும் பிளாக்கின் மேல்தளத்துக்கும் இடையிலுள்ள இடம், பிஸ்டன் தலையிலுள்ள குழிவு. கணக்கை விளக்கும்பொருட்டு இவற்றை முறையே 42, 4.7, 5.1, 6 கன செ.மீ. எனக் கொள்வோம். கூட்டுத்தொகை 57.8, விகிதம் 8.8. இவை எடுத்துக்காட்டுக்கான எண்களே. கையிலுள்ள எஞ்சினுக்கு உரியவற்றை அளந்தே அறிய வேண்டும்.

பயனின் அளவு

விகிதம் உயர்ந்தால் ஆற்றல் ஏன் கூடுகிறது? எரிந்து விரியும் வளிமம் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டு எவ்வளவு மடங்கு விரிகிறதோ அவ்வளவுக்கு அதன் வெப்பம் வேலையாக மாறுகிறது. அமுக்க விகிதம் உயர்ந்தால் விரிவு விகிதமும் உயர்கிறது. புகைக்குழாய் வழியே வீணாகும் வெப்பம் குறைகிறது. ஆட்டோ சுழற்சியின் கருத்தியல் திறனைக் கணக்கிட்டால் பின்வரும் எண்கள் கிடைக்கின்றன.

*அட்டவணை 1: எம்.ஜி.பி. எஞ்சினுக்கான கணக்கீடு*

| அமுக்க விகிதம் | இடைவெளிக் கொள்ளளவு (கன செ.மீ.) | கருத்தியல் திறன் (விழுக்காடு) | 8.8 விகிதத்தோடு ஒப்பிட மாற்றம் (விழுக்காடு) |
|---|---|---|---|
| 8.0 | 64.3 | 56.5 | −2.8 |
| 8.8 | 57.7 | 58.1 | 0 |
| 9.5 | 52.9 | 59.4 | +2.2 |
| 10.0 | 50.0 | 60.2 | +3.6 |
| 11.0 | 45.0 | 61.7 | +6.2 |

உண்மையான எஞ்சினின் திறன் இவ்வெண்களைவிட மிகக் குறைவு. வெப்பம் சுவர்கள் வழியே வெளியேறுதல், உராய்வு, எரிதலுக்கு ஆகும் நேரம் முதலியவை அதற்குக் காரணங்கள். ஆயினும் ஒரு விகிதத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது நேரும் மாற்றத்தை ஏறத்தாழ மதிப்பிட இவ்வட்டவணை போதுமானது.

அட்டவணை இரு செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, 8.8 விகிதத்தை 9.5 ஆக உயர்த்தினால் நூற்றுக்கு இரண்டு என்னும் அளவிலேயே ஆற்றல் கூடும். 95 குதிரைத்திறன் எஞ்சினில் அது இரண்டு குதிரைத்திறன். இரண்டாவது, மேலே செல்லச் செல்ல ஒவ்வோர் அலகு உயர்வும் தரும் பயன் குறைந்துகொண்டே வருகிறது.

அமெரிக்க வண்டிகளின் ஆற்றல் இழப்பையும் இங்கு நோக்குதல் தகும். ஆற்றலை அளக்கும் முறைகள் மாறியமையால் 95, 62.5 என்னும் எண்களை நேரடியாகக் கழித்துப் பார்ப்பது பொருந்தாது. எனினும் வண்டியின் ஆற்றல் பெரிதும் குறைந்தது என்பதில் ஐயமில்லை. அவ்விழப்பை அமுக்க விகிதத்தின்மேல் ஏற்றிச் சொல்வோர் உளர். ஆனால் 8.8 விகிதம் 8.0 ஆனதால் மட்டும் நேர்ந்திருக்கக்கூடிய இழப்பு நூற்றுக்கு மூன்றைத் தாண்டாது. எஞ்சிய பெரும்பகுதிக்கு ஒற்றைக் கார்புரேட்டர், புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் முதலியவையே பொறுப்பாக வேண்டும். எனவே ஹெட்டைச் சீவினால் இழந்த ஆற்றல் முழுதும் மீளும் என எதிர்பார்ப்பது பிழையாகும்.

நாக்கிங் வகுக்கும் எல்லை

பயன் சிறிதாயினும் தீங்கில்லை எனில் விகிதத்தை விரும்பியவாறு உயர்த்தலாம். அவ்வாறு உயர்த்தவிடாமல் தடுப்பது நாக்கிங் ஆகும். ஸ்பார்க் பிளக்கிலிருந்து புறப்படும் சுடர் எரி அறையைக் கடந்து செல்லும்போது, இன்னும் எரியாத கலவையை அது தொலைவிலுள்ள மூலையை நோக்கி நெருக்குகிறது. அம்மூலைக் கலவை ஏற்கெனவே பிஸ்டனால் அமுக்கப்பட்டுச் சூடேறியுள்ளது. சுடர் வந்து சேர்வதற்குள் அதன் வெப்பமும் அழுத்தமும் எல்லை கடந்தால், கலவை தானாகவே ஒரே நொடியில் வெடித்தெரிகிறது. அதனால் எழும் அழுத்த அலைகள் சிலிண்டர் சுவரில் மோதும் ஓசையே, தகரப் பெட்டியில் கூழாங்கற்கள் குலுங்குவதுபோல் ஓட்டுநரின் காதில் விழுகிறது.

இவ்வோசை வெறும் ஓசையன்று. நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டனின் வளையங்களுக்கு இடையிலுள்ள வரம்புகள் உடையும்; பிஸ்டன் தலை அரிக்கப்படும்; கேஸ்கட் கிழியும்; தாங்கிகள் நசுங்கும். குறைந்த வேகச் சுழற்சியில் முழு விசையோடு மேடேறும்போது நாக்கிங் மிகுதியாகத் தோன்றும். சுழற்சி விரைவாக இருக்கும்போது, மூலைக் கலவை தானே தீப்பற்றுவதற்குரிய நேரம் கிடைப்பதில்லை.

8.8 விகிதத்தை 9.5 ஆக உயர்த்தும்போது, தீப்பொறி தோன்றுமுன்னரே சிலிண்டருக்குள் நிலவும் அமுக்க அழுத்தம் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து கூடுகிறது. ஆற்றலில் இரண்டு விழுக்காடு பெறுவதற்கு அழுத்தத்தில் பத்து விழுக்காடு விலையாகக் கொடுக்கப்படுகிறது. இவ்விரு எண்களுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வே இப்பணியில் எச்சரிக்கை வேண்டப்படுவதன் காரணமாகும்.

நாக்கிங் தோன்றிய எஞ்சினில் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி அதை அடக்குவது வழக்கம். ஆனால் உரிய நேரத்துக்குப் பின்னர்த் தீப்பொறி எழும்போது ஆற்றல் குறைகிறது. புகைவழி வெப்பம் மிகுகிறது. விகிதத்தை உயர்த்திப் பெற்ற இரண்டு விழுக்காட்டை இப்பின்தள்ளல் எளிதில் விழுங்கிவிடும். அளவுக்கு மீறி உயர்த்தப்பட்ட எஞ்சின், உயர்த்தப்படாத எஞ்சினைவிட மெதுவாக ஓடுவது இதனாலேயே ஆகும்.

எரிபொருளும் ஆக்டேன் எண்ணும்

ஓர் எரிபொருள் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்பதை ஆக்டேன் எண் காட்டுகிறது. ஐசோ-ஆக்டேன் 100 எனவும், ஹெப்டேன் 0 எனவும் கொண்டு இவ்வளவுகோல் அமைக்கப்பட்டது. 1921ஆம் ஆண்டு, தாமஸ் மிட்ஜ்லி உள்ளிட்ட ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள், டெட்ரா எத்தில் ஈயத்தைச் சிறிதளவு சேர்த்தால் நாக்கிங் அடங்குவதைக் கண்டறிந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமுக்க விகிதங்கள் உயர்ந்ததற்கு ஈயம் கலந்த பெட்ரோல் பெருந்துணையாயிற்று. ஈயத்தின் நச்சுத்தன்மை காரணமாக அது பின்னர்க் கைவிடப்பட்டது. பிரித்தானியாவில் 1999ஆம் ஆண்டின் இறுதியோடு அதன் பொது விற்பனை முடிவுற்றது.

எம்.ஜி.பி. விற்பனையான காலத்தில் அங்கு வழங்கிய நான்கு நட்சத்திரப் பெட்ரோலின் ஆக்டேன் எண் 97. இன்று அங்குப் பரவலாகக் கிடைப்பது 95 எண்ணுடைய, பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். 97 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணுடையது கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. விகிதத்தை முடிவுசெய்யுமுன், வண்டி எந்தப் பெட்ரோலில் நாள்தோறும் ஓடப்போகிறது என்பதை உரிமையாளர் முடிவுசெய்தல் வேண்டும். வெளியூர் செல்லும் வழியில் கிடைக்கக்கூடிய மிகத் தாழ்ந்த தரமே எல்லையை வகுக்கும்.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். ஈயம் இரு பணிகளைச் செய்தது. ஒன்று நாக்கிங்கை அடக்குதல். மற்றொன்று வெளியேற்று வால்வு அமரும் இருக்கையைத் தேய்மானத்திலிருந்து காத்தல். பி வரிசை ஹெட்டில் அவ்விருக்கைகள் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டவை. ஈயமில்லாப் பெட்ரோலில் கடுமையாக ஓட்டினால் அவை உட்குழியும். கடினப்படுத்திய வளையங்களை இருக்கைகளாகப் பொருத்துவது இதற்குத் தீர்வாகும். அவ்வாறு பொருத்தப்பட்ட ஹெட் உயர் அமுக்கத்துக்கும் ஏற்றதாகிவிட்டது என்று கருதுவது தவறு. இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள்.

அளத்தல்

கையேட்டில் 8.8 என்றிருப்பதால் இன்று மேசைமேல் உள்ள எஞ்சினும் 8.8 ஆகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அரை நூற்றாண்டு வாழ்ந்த எஞ்சின் பல கைகளைக் கடந்து வந்திருக்கும். முன்பு எவரேனும் ஹெட்டைச் சீவியிருக்கலாம். வேறு குழிவுள்ள பிஸ்டன்களை இட்டிருக்கலாம். சிலிண்டரைத் துளை பெருக்கியிருக்கலாம். தேய்ந்த சிலிண்டரை 1.52 மி.மீ. பெருக்கினால் வீச்சுக் கொள்ளளவு ஏறத்தாழ 467 கன செ.மீ. ஆகும். ஹெட்டைத் தொடாமலே விகிதம் 8.8இலிருந்து ஏறத்தாழ 9.1 ஆக உயர்ந்துவிடும். இதனை அறியாமல் ஹெட்டையும் சீவினால் கணக்கு முற்றிலும் பிழைபடும்.

எரி அறையை அளக்க, வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்கையும் பொருத்தி ஹெட்டைத் தலைகீழாக மட்டமாக வைக்க வேண்டும். சிறு துளையிட்ட தெளிவான அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் தடவி அறையின்மேல் அமர்த்தி, பியூரெட்டிலிருந்து நிறமூட்டிய மண்ணெண்ணெயை அத்துளை வழியே நிரப்ப வேண்டும். காற்றுக் குமிழி நீங்கி அறை நிறையும்போது பியூரெட் காட்டும் அளவே அறையின் கொள்ளளவாகும்.

பிஸ்டன் குழிவை அளக்க, பிஸ்டன் விளிம்பைப் பிளாக்கின் மேல்தளத்திலிருந்து சரியாக 10 மி.மீ. கீழே இறக்க வேண்டும். அவ்விடத்தின் கணிதக் கொள்ளளவு 50.6 கன செ.மீ. அதனை நிரப்ப 56.6 கன செ.மீ. திரவம் செலவானால் குழிவு 6 கன செ.மீ. எனக் கொள்ளலாம். மேல் எல்லையில் பிஸ்டன் நிற்கும் ஆழத்தை டயல் கேஜ் கொண்டு அறியலாம்.

நான்கு சிலிண்டர்களையும் தனித்தனியே அளத்தல் இன்றியமையாதது. ஓர் அறை 40 கன செ.மீ. ஆகவும் மற்றோர் அறை 43 கன செ.மீ. ஆகவும் இருந்தால், பிற பகுதிகள் ஒத்திருப்பினும் விகிதங்கள் 9.1 எனவும் 8.7 எனவும் வேறுபடும். நாக்கிங் முதலில் தோன்றுவது சிறிய அறையிலேயே ஆகும். எனவே சீவுமுன் நான்கையும் சமன்செய்வது, சீவுவதினும் முதன்மையான பணி எனலாம்.

அமுக்க அழுத்தமானி காட்டும் எண்ணை அமுக்க விகிதமாகக் கொள்வதும் உண்டு. அம்மானி வளையங்கள், வால்வுகள் வழியே கசிவு உள்ளதா என்பதையும், சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாட்டையும் காட்டும். வால்வு மூடும் நேரம், எஞ்சினைச் சுழற்றும் வேகம் ஆகியவற்றால் அவ்வெண் மாறுவதால், அதிலிருந்து விகிதத்தைப் பெற இயலாது.

உயர்த்தும் வழிகள்

இடைவெளிக் கொள்ளளவைக் குறைக்க மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, பட்டறைகளில் ஹெட் ஃபேசிங் எனப்படும் சீவுதல். மேற்கூறிய எடுத்துக்காட்டில் 9.5 விகிதத்தை அடைய, எரி அறை 42இலிருந்து ஏறத்தாழ 37 கன செ.மீ. ஆகக் குறைய வேண்டும். எத்தனை மி.மீ. சீவ வேண்டும் என்பதை அறிய எளிய முறை ஒன்று உண்டு. தகட்டை எடுத்துவிட்டு, மட்டமாக வைத்த அறைக்குள் வேண்டிய 37 கன செ.மீ. திரவத்தை மட்டும் ஊற்ற வேண்டும். ஹெட்டின் தளத்திலிருந்து திரவத்தின் மேற்பரப்பு வரையுள்ள ஆழமே சீவ வேண்டிய அளவாகும். அறையின் பரப்பு ஆழத்துக்கேற்ப மாறினாலும் இம்முறை பிழைபடாது. அறையின் பரப்பு 34 சதுர செ.மீ. எனக் கொண்டால் இவ்வளவு 1.4 மி.மீ. அளவில் அமையும்.

இரண்டாவது, பிளாக்கின் மேல்தளத்தைச் சீவுதல். இங்கு முழுச் சிலிண்டர் பரப்பும் கணக்கில் வருவதால் அதே விளைவுக்கு 0.95 மி.மீ. போதும். எஞ்சினை முழுதும் பிரிக்க வேண்டியிருப்பதால் செலவு மிகுதி. ஆயினும் இதற்கொரு சிறப்பு உண்டு. பி வரிசை ஹெட்டின் எரி அறை, ஹாரி வெஸ்லேக் வகுத்த இதய வடிவினது. அறைக்கு வெளியேயுள்ள தட்டையான பகுதி பிஸ்டன் விளிம்பை நெருங்கும்போது, இடையிலுள்ள கலவை பிதுக்கப்பட்டு அறைக்குள் பாய்கிறது. அவ்விடைவெளி குறுகினால் கலவை நன்கு கலங்கி விரைவாக எரிகிறது. நாக்கிங் தோன்றும் மூலையில் எஞ்சும் கலவையும் குறைகிறது. ஹெட்டைச் சீவுவதால் இவ்விடைவெளி மாறுவதில்லை. பிளாக்கைச் சீவினால் குறுகும். ஒரே விகிதத்தை இரு வழிகளில் அடைந்தாலும் நாக்கிங்கைத் தாங்கும் தன்மை வேறுபடுவது இதனாலாகும். ஆனால் சுழற்சி மிகும்போது கனெக்டிங் ராட் சற்று நீள்வதால், பிஸ்டன் ஹெட்டைத் தொடாதவாறு போதிய இடைவெளியை விட்டுவைத்தல் வேண்டும்.

மூன்றாவது, குழிவு குறைந்த பிஸ்டன்களைப் பொருத்துதல். சிலிண்டரைத் துளை பெருக்கும் தேவை எழும்போது புதிய பிஸ்டன்கள் எப்படியும் வாங்கப்படும். அப்போது விகிதத்தையும் சேர்த்துத் தேர்ந்துகொள்ளலாம். இம்முறையில் ஹெட்டிலிருந்து இரும்பு எதுவும் இழக்கப்படுவதில்லை. பின்னாளில் விகிதத்தைக் குறைக்க விரும்பினால் பிஸ்டன்களை மாற்றினால் போதும். மீள வழியுள்ள ஒரே முறை இதுவே.

கேம் ஷாஃப்ட்டும் செயல்படு விகிதமும்

இதுகாறும் கூறிய விகிதம், பிஸ்டன் கீழ் எல்லையிலிருந்து எழும்போதே அமுக்கம் தொடங்குவதாகக் கொண்டு கணக்கிடப்பட்டது. உண்மையில் உள்ளிழு வால்வு அப்போது திறந்தே இருக்கிறது. எம்.ஜி.பி.யின் இயல்பான கேம் ஷாஃப்ட்டில் அது கீழ் எல்லைக்குப்பின் 56 பாகையில்தான் மூடுகிறது. கனெக்டிங் ராடின் நீளம் 165.1 மி.மீ. எனக் கொண்டு கணக்கிட்டால், வால்வு மூடும் வேளையில் பிஸ்டன் மேல் எல்லையை அடைய இன்னும் 73.5 மி.மீ. உள்ளது. அமுக்கம் தொடங்குவது அங்கிருந்துதான். அதன்படி 8.8 விகித எஞ்சினின் செயல்படு விகிதம் 7.4 ஆகும்.

இனி, மிகுவேகச் சுழற்சிக்காக உள்ளிழு வால்வை 66 பாகையில் மூடும் வேறொரு கேம் ஷாஃப்ட்டைப் பொருத்துவதாகக் கொள்வோம். எஞ்சிய பிஸ்டன் தொலைவு 67.6 மி.மீ. ஆகச் சுருங்கும். விகிதத்தை மாற்றாவிடில் செயல்படு விகிதம் 6.9 ஆகக் குறைந்து, குறைந்த வேகத்தில் எஞ்சின் தளர்ந்துபோகும். அமுக்க விகிதத்தை 9.5 ஆக உயர்த்தினால் செயல்படு விகிதம் ஏறத்தாழ 7.5 ஆகி, பழைய நிலையை அடையும்.

இக்கணக்கு இப்பொருளின் மையமாகும். இயல்பான கேம் ஷாஃப்ட்டோடு 9.5 என்பது செயல்படு விகிதத்தை 8.0 ஆக உயர்த்தி எஞ்சினை நாக்கிங் எல்லைக்கு அருகே கொண்டுசெல்கிறது. நீண்ட நேரம் வால்வைத் திறந்து வைக்கும் கேம் ஷாஃப்ட்டோடு அதே 9.5, இழந்ததை ஈடுசெய்வதாக அமைகிறது. பந்தய எஞ்சின்களில் 11 அல்லது அதற்கும் மேற்பட்ட விகிதம் ஏற்கப்படுவதற்கு அவற்றின் எரிபொருளோடு இதுவும் காரணமாகும். பந்தய எஞ்சினின் விகிதத்தை மட்டும் எடுத்துச் சாலை வண்டிக்குப் பொருத்துவது, கணக்கின் ஒரு பாதியை மட்டும் கடன் வாங்குவதாகும்.

உயர்த்திய பின்னர்ச் செய்ய வேண்டுவன

சீவப்பட்ட ஹெட் முன்பைவிடத் தாழ்ந்து அமர்கிறது. புஷ் ராடுகளின் நீளமோ மாறவில்லை. அதனால் ராக்கர் ஆர்ம்களின் சாய்வு மாறி, வால்வு முனையில் தேய்மானம் தோன்றும். ராக்கர் தாங்கிகளின் அடியில் உரிய தடிமனுள்ள தகடுகளை வைத்தோ, நீளம் குறைந்த புஷ் ராடுகளை இட்டோ இதனைச் சரிசெய்ய வேண்டும். வால்வுகளும் கீழே நெருங்கிவருவதால், பிஸ்டன்மேல் களிமண் வைத்துக் கையால் இருமுறை சுழற்றி, அது நசுங்கிய தடிமனைக்கொண்டு இடைவெளியை உறுதிசெய்வது பழைய, நம்பத்தகுந்த முறையாகும்.

எரி அறையின் கூர்விளிம்புகளை அரத்தால் மழுக்குதல் வேண்டும். கூரிய விளிம்புகள் செஞ்சூடேறித் தீப்பொறிக்கு முன்னரே கலவையைப் பற்றவைக்கும். ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்த வகையாக மாற்றுவது பொருத்தமானது. அடர்ந்த கலவை விரைந்து எரிவதால் முன்பு தேவைப்பட்ட அளவு முன்கூட்டிய தீப்பொறி இப்போது தேவைப்படாது. ஸ்ட்ரோப் விளக்கின் துணையோடு டிஸ்ட்ரிபியூட்டரை மீண்டும் சரிசெய்ய வேண்டும். நீர்க்குளிர்ப்பு அமைப்பும் தூய்மையாக இருத்தல் வேண்டும். படிவு அடைத்த ரேடியேட்டரோடு உயர் அமுக்கம் ஒத்துப்போகாது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கங்களால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

எம்.ஜி.பி. எஞ்சினில் அமுக்க விகிதத்தை 8.8இலிருந்து 9.5 ஆக உயர்த்துவதால் மட்டும் கிடைக்கும் ஆற்றல் நூற்றுக்கு இரண்டு அளவினது. அமுக்க அழுத்தமோ நூற்றுக்குப் பத்து கூடுகிறது. 8.0 விகிதத்தில் வந்த எஞ்சினை 9.5 ஆக்கினால் பயன் நூற்றுக்கு ஐந்தாக அமைவதால், அங்கு இப்பணிக்குப் பொருள் உண்டு.

அமுக்க விகிதம் தனித்து முடிவுசெய்யத்தக்கதன்று. எரிபொருள், கேம் ஷாஃப்ட், எரி அறையின் அமைப்பு, தீப்பொறி நேரம் ஆகியவற்றோடு சேர்த்தே அது முடிவுசெய்யப்பட வேண்டும். கேம் ஷாஃப்ட்டை மாற்றாத சாலை வண்டிக்கு 9.0 முதல் 9.5 வரையிலான விகிதமும் உயர் ஆக்டேன் பெட்ரோலும் போதுமானவை என்று இக்கணக்குகளிலிருந்து கொள்ளலாம்.

அனைத்தினும் முதன்மையானது அளத்தல். எம்.ஜி.பி.யின் உற்பத்தி 1980இல் நின்றது. இன்று எஞ்சியுள்ள பழைய ஹெட்டுகள் எண்ணி முடியக்கூடியவை. ஒவ்வொன்றும் சில முறைகளுக்குமேல் சீவலைத் தாங்காது. சீவிய இரும்பை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. ஒரு பியூரெட், ஓர் அக்ரிலிக் தகடு, அரை நாள் உழைப்பு ஆகியவை போதும். எஞ்சினின் உண்மையான விகிதம் தெரிந்துவிடும். அவ்வாறு அளந்தபின், சீவத் தேவையில்லை என்னும் முடிவே பல வேளைகளில் சரியானதாக அமையக்கூடும். அம்முடிவும் இப்பணியின் வெற்றியாகவே கருதத்தக்கது.